பதில் வராவிட்டால் பச்சை

அவர் பெயரை எழுதப் போவதில்லை. மரியாதைக்காக என்று நினைக்க வேண்டாம். பெயரைப் போட்டால் திருச்சியில் யாராவது ஒருவர், "அவரா, ரொம்ப நல்ல மனுஷனாச்சே" என்று ஆரம்பித்துவிடுவார். அதைக் கேட்கிற பொறுமை எனக்கு இல்லை. நல்ல மனுஷன் என்ற பெயரை அவர் எப்படிச் சம்பாதித்தார் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தில்லைநகரில் ஒரு மாடியில் இருந்தது எங்கள் மென்பொருள் கம்பெனி. சுற்றுவட்டார அரிசி ஆலைகளுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுப்போம். நான் லால்குடியிலிருந்து தினமும் பஸ் பிடித்து, சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி, இன்னொரு பஸ் மாறிப் போவேன். படிப்பு முடித்துக் கிடைத்த முதல் வேலை. அவர் எங்கள் டீமுக்குத் தலைவர். ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். எப்போதும் தேய்த்த சட்டை, சிரித்த முகம். குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், இப்படி ஒரு மேலதிகாரி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று வீட்டில் போய்ச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கூட்டத்திலும் முடிவைச் சொல்லிவிட்டு, "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு மூச்சு ஒரு முறை இழுத்து விடுகிற நேரம் எல்லோர் முகத்தையும் சுற்றிப் பார்ப்பார். யாரும் வாயைத் திறக்காவிட்டால், "ரைட், எல்லாருக்கும் சம்மதம்" என்று எழுந்துவிடுவார். சனிக்கிழமை வேலை அப்படித்தான் வந்தது. ஜன்னல் ஓரத்து இருக்கைகள் அப்படித்தான் பறிபோயின. வாயைத் திறக்க நினைத்து, எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தையைத் தேடுவதற்குள் அவர் வாசலைத் தாண்டியிருப்பார். அந்தக் கேள்வி பதிலுக்காகக் கேட்கப்படுவதில்லை என்று புரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் ஆனது.

பாலக்கரையிலிருந்து பஷீர் என்று ஒருவர் எங்களோடு வேலை பார்த்தார். வாராந்தரக் கூட்டத்தை வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மாற்றியபோதும் எங்கள் தலைவர் அதே கேள்வியைக் கேட்டார், அதே மூச்சை விட்டார். பஷீர் ஒன்றும் சொல்லவில்லை. ஜும்மா தொழுகை நேரத்தில் ஒவ்வொரு வாரமும் அங்கே உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் நான்தான் பொறுக்க முடியாமல் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நிஜமாகவே ஆடிப்போய்விட்டார். பஷீரின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அப்படி வருத்தப்பட்டார். அன்றைக்கே கூட்டத்தை மாற்றினார்.

என்னை ஏமாற்றியது இந்தச் சம்பவம்தான். மனுஷனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான், எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்வார் என்று நம்பிவிட்டேன். சொல்வதால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லாத இடத்தில் கேட்டுக்கொள்வார் என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்த வித்தியாசம் அப்போது பிடிபடவில்லை.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் பக்கம் புது ஃபிளாட் வாங்கியபோது எங்களையெல்லாம் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். வீடு நன்றாக இருந்தது. ஒவ்வொரு அறையாகக் காட்டினார், அவரே தேர்ந்தெடுத்தது, அவரே வரைந்தது என்று. கல்யாணம் ஆன நாளாகத் தங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதம் கிடையாது என்று வாழை இலைக்கு முன்னால் உட்கார்ந்து பெருமையாகச் சொன்னார். நான் பாயசக் கிண்ணங்களை எடுத்து வரச் சமையலறைக்குப் போனேன். அவர் மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். டைல்ஸ் அழகாக இருக்கிறது என்று ஏதோ பேச்சுக்குச் சொன்னேன். கரும்பச்சை நிறம், பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டிய இருட்டு.

அந்த அம்மாள் சுவரைப் பார்த்தபடி, "எனக்கு வெள்ளை போடணும்னு ஆசைங்க. எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சிட்டிருந்தேன், அதுக்குள்ள ஒட்டிட்டாங்க" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் கொள்ளிடப் பாலம் தாண்டும்வரை அந்தச் சுவரே கண்ணுக்குள் நின்றது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஹெல்த் செக் என்று ஒன்று உண்டு. பெரிய புரோகிராம் ஒன்று பல சின்னப் பகுதிகளால் ஆனது. ஒவ்வொரு பகுதிக்கும் மாட்யூல் என்று பெயர். நெல் எடை போடுவதற்கு ஒன்று, ஈரம் பார்ப்பதற்கு ஒன்று, பில் போடுவதற்கு ஒன்று. ஹெல்த் செக் என்பது வார்டைச் சுற்றி வரும் நர்ஸ் மாதிரி. ஒவ்வொரு கட்டிலிடமும் போய், எப்படி இருக்கிறாய் என்று கேட்கும். நன்றாக இருக்கிறேன் என்றால் ஸ்கிரீனில் பச்சை விளக்கு. முடியவில்லை என்றால் சிவப்பு. அந்த ஸ்கிரீனைப் பார்த்துத்தான் ஆலைக்காரர்கள் நிம்மதியாக இருப்பார்கள். எங்கள் கம்பெனியில் அந்த நர்ஸை எழுதியவள் நான்.

மண்ணச்சநல்லூர் ஆலை ஒன்றில் நெல் கொட்டி வைக்கிற பெரிய இரும்புத் தொட்டிகள் புதிதாக நிறுத்தினார்கள். சைலோ என்பார்கள். உள்ளே நெல் சூடேறினால் அலாரம் அடிக்க வேண்டும். அந்த மாட்யூலை மட்டும் வெளியிலிருந்து யாரிடமோ அவசரத்தில் எழுதி வாங்கினார் இவர். அரைகுறையாக வந்து சேர்ந்தது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், சில நேரம் பச்சையும் சொல்லாது, சிவப்பும் சொல்லாது. வெறும் காலியை நீட்டும். காலியாக ஒன்று வரும் என்று என் புரோகிராம் எதிர்பார்க்கவில்லை. நோயாளி பதில் சொல்லவில்லை என்று நர்ஸே மயங்கி விழுந்த கதையாக, மொத்த ஸ்கிரீனும் அணைந்து போகும். ஆலை முதலாளி நேரில் பார்க்க வருவதாக இருந்த காலையில்தான் அது அணைந்தது.

காலி வந்தாலும் விழாமல் தாங்கிக்கொள்கிற மாதிரி உடனே மாற்றினேன். அதில் எனக்குக் குழப்பமே இல்லை. கேள்வி என்னவென்றால், காலி வந்தால் எந்த நிறம் காட்டுவது. சாம்பல் நிறம் வைத்து, "தெரியவில்லை" என்று போடலாம் என்றேன். ஆலை முதலாளி வரும்போது தெரியவில்லை என்று எழுதியிருந்தால் நன்றாகவா இருக்கும் என்று அவர் கேட்டார். என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, வழக்கமான மெல்லிய குரலில், காலி வந்தால் பச்சை என்று போடச் சொன்னார்.

"சார், செத்தவங்களும்தான் பதில் சொல்ல மாட்டாங்க" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு அதைத் திருப்பிச் சொல்லி இன்னொரு முறை சிரித்தார். பிறகு என் தோளருகே குனிந்து, "இன்னிக்கு ஒரு நாளைக்குத்தாங்க. அவர் போனதும் எடுத்துடலாம்" என்றார்.

அவர் எதையும் எழுத்தில் சொல்கிறவர் இல்லை. எழுந்து வந்து, நாற்காலிக்குப் பின்னால் நின்று, வாயால்தான் சொல்வார். அதை எளிமை என்று நினைத்து மெச்சியிருக்கிறேன். அந்த வரியை எழுதினேன். அதற்கு மேலே, இது தற்காலிகம், சார் சொல்லிப் போட்டது என்று ஒரு குறிப்பையும் வைத்தேன். அவர் எட்டிப் பார்த்து, இதெல்லாம் எதுக்குங்க, பார்க்க அசிங்கமா இருக்கு என்று அதை மட்டும் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். ஸ்கிரீன் முழுக்கப் பச்சையாக நின்றது. ஆலை முதலாளி பார்த்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அதன்பிறகு அந்த வரியை எடுத்துவிடலாமா என்று நான் கேட்காத வாரம் இல்லை. பார்க்கலாம் என்பார். வேறு வேலை கொடுப்பார். ஒருமுறை, அதான் எல்லாம் பச்சையா ஓடுதே, யாரும் ஒண்ணும் சொல்லலையே என்றார். அனுமதி இல்லாமல் எதையும் மாற்றக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம். சட்டம் போட்டதும் அவர்தான், யாரும் எதிர்ப்புச் சொல்லாத ஒரு கூட்டத்தில்.

குறுவை அறுவடையில் மழை பிடித்துக்கொண்டது. ஈர நெல் ஆலைக்கு வந்து, சைலோ நிரம்பியது. அந்த அரைகுறை மாட்யூல் எப்போது மொத்தமாகச் செத்தது என்று யாருக்கும் தெரியாது. என் நர்ஸ் கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்டாள். பதில் இல்லை. பச்சை. மறுபடி கேட்டாள். பச்சை. தொட்டிக்குள் நெல் வெந்துகொண்டிருந்தது. ஆலை முழுக்க முடைநாற்றம் எழும்பிய பிறகுதான் ஆட்கள் ஏறித் திறந்து பார்த்தார்கள்.

ஆலை முதலாளி ஒரு சாக்குப் பையோடு எங்கள் ஆபீசுக்கு வந்தார். யாரிடமும் ஒன்றும் பேசாமல் கூட்ட மேசைமேல் அதைக் கவிழ்த்தார். பழுப்பேறி, பூசணம் பூத்து, கட்டி கட்டியாக விழுந்தது நெல். நான் நெல்லுக்கு நடுவில் பிறந்தவள். அப்பா வயலில் முட்டியளவு சேற்றில் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

யார் எழுதியது என்று எங்கள் எம்.டி. கேட்டார். புரோகிராமைத் திறந்தால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதியவர் பெயர் நிற்கும். காலி வந்தால் பச்சை என்ற வரிக்குப் பக்கத்தில் என் பெயர் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவரைப் பார்த்தேன். எதிர் நாற்காலியில்தான் இருந்தார். நான்தான் எழுதச் சொன்னேன் என்று அவர் சொல்லிவிடுவார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. பெரியவரை வைத்துக்கொண்டு, அவர் முகத்துக்கு நேரே விரலை நீட்டுவது எங்கள் வீட்டு வளர்ப்பில் இல்லை. அதனால் காத்திருந்தேன். அவர் மேசைமேல் கிடந்த ஒரு நெல்லை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, அந்த மெல்லிய குரலில் பேசினார்.

"சின்னப் பொண்ணு சார், தெரியாமப் பண்ணிட்டாங்க. மன்னிச்சு விட்டுடலாம்."

எம்.டி. கேட்கவில்லை, அன்றைக்கே என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்டார். ஆனாலும் இவர் எனக்காக மன்றாடினார். ஆமாம், அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள். எவ்வளவு பெரிய மனசு, தன் டீம் பெண்ணுக்காக எப்படிப் பேசினார் என்று கூட்டம் முடிந்து வராந்தாவில் பேசிக்கொண்டதை என் காதாலேயே கேட்டேன். என் வேலையைப் பிடுங்கி, என் வாயை அடைத்து, அதற்கு நன்றியையும் என்னிடமே எதிர்பார்த்த மனசு அது. பஷீர் மட்டும் என் பையை எடுத்துக்கொண்டு கீழே வரை வந்தார், தலை நிமிரவில்லை. அவருக்கும் மூன்று குழந்தைகள், நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை.

கீழே இறங்கும் முன் லிஃப்ட் வாசலில் இவரும் வந்து நின்றார். "நீங்களும் உள்ள மறுத்து ஒண்ணும் சொல்லலை. அதான், சரி, உங்களுக்கும் இதுல வருத்தம் இல்லைன்னு எடுத்துக்கிட்டேன்" என்றார். என்னை வாழ்த்தி அனுப்பினார். லிஃப்ட் கதவு மூடியது.

வேலை போனதுகூடப் பெரிதில்லை. அப்பா வருஷாவருஷம் நெல் போடுவது அதே ஆலையில்தான். உங்க பொண்ணு வேலை பார்த்த லட்சணத்துல எங்க நெல்லு பூரா நாறிப் போச்சு என்று எடை மேடையில் நிற்கவைத்துச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா என்னிடம் அதைச் சொல்லவே இல்லை. மூட்டைகளைத் திருப்பி ஏற்றி, வேறு ஆலையைத் தேடிப் போனார். சித்தப்பா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அப்பாவிடம், தப்பு என் மேல் இல்லை என்று உட்கார்ந்து விளக்கினேன். எனக்குத் தெரியும்மா என்றார். ஆனால் எடை மேடையில் நின்ற அத்தனை பேருக்கும் போய் நான் எப்படி விளக்குவேன். அன்றைக்கு அந்த மேலதிகாரிமேல் எனக்கு வந்தது கோபம் இல்லை. கோபம் ஆறிவிடும். இது ஆறவில்லை.

பிறகு வேறு கம்பெனியில் சேர்ந்தேன், கன்டோன்மென்ட் பக்கம். ராப்பகலாக உழைத்தேன் என்று சொல்லிக்கொள்வது வழக்கம். உழைத்தேன், ஆனால் உழைப்புக்குப் பின்னால் இருந்த எரிபொருள் என்னவென்று எனக்குத் தெரியும். நான் எழுதுகிற எந்த ஹெல்த் செக்கிலும் பதில் வராவிட்டால் சிவப்புத்தான். சாம்பல்கூடக் கிடையாது. என் டீமில் பேசாமல் இருக்கிறவர்களிடம் தனியாகப் போய்க் கேட்பேன். நல்ல குணம் என்று இதையும் பாராட்டுகிறார்கள். பழி வாங்குகிற வேகத்தில் வந்த பழக்கம் என்று நான் திருத்துவதில்லை.

போன ஆண்டு எங்களுக்கு மூத்த பதவி ஒன்றுக்கு ஆள் தேவைப்பட்டது. நேர்முகத்துக்கு வந்தவர்களில் அவரும் இருந்தார். பழைய கம்பெனியை மூடிவிட்டார்களாம். தலைக்குச் சாயம் பூசியிருந்தார், காது ஓரத்தில் நரை தப்பித்துத் தெரிந்தது. சட்டை மட்டும் அதே தேய்த்த சட்டை. மேசைக்கு இந்தப் பக்கம் நானும் இரண்டு சக ஊழியர்களும் இருந்தோம். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. இவங்க நம்ம பொண்ணுதான், நான் வேலை கத்துக்கொடுத்த பொண்ணு என்று மற்ற இருவரிடமும் சொன்னார். நடிப்பு என்று நினைத்துக் கண்ணைப் பார்த்தேன். நடிப்பே இல்லை. நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை அல்லவா, அதனால் அவர் கணக்கில் நான் இத்தனை காலமும் பச்சையாகவே எரிந்துகொண்டிருந்திருக்கிறேன்.

என் சக ஊழியர் ஒருவர் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். ஒழுங்காக எழுதப்படாத ஒரு மாட்யூல் காலியைத் திருப்பித் தந்தால் ஹெல்த் செக்கில் எப்படிக் கையாள்வீர்கள். அவர் அட்சரம் பிசகாமல் பதில் சொன்னார். முதலில் புரோகிராம் விழாமல் தாங்கிக்கொள்ள வேண்டும், ஆனால் காலியை நலம் என்று ஒருநாளும் எடுத்துக்கொள்ளக் கூடாது, தெரியவில்லை என்று தனியாகக் காட்ட வேண்டும் என்றார். "செத்தவங்களும்தான் பதில் சொல்ல மாட்டாங்க, இல்லீங்களா" என்று சிரித்தார். மற்ற இருவரும் சிரித்தார்கள். என் வாக்கியம். என் நாற்காலிக்குப் பின்னால் நின்று அவர் கேட்ட வாக்கியம். அப்படியானால் அன்றைக்கே எல்லாம் புரிந்திருக்கிறது. தெரியாமல் செய்தவர் என்று ஒரு மூலையில் வைத்திருந்த கொஞ்ச நஞ்ச இரக்கமும் அந்தச் சிரிப்போடு போயிற்று.

அதோடு விட்டிருக்கலாம். அனுபவம் என்று காட்ட, பழைய இடத்தில் ஒரு சின்னப் பெண் காலி வந்தால் பச்சை என்று எழுதிவிட்டதையும், ஓர் ஆலையின் நெல் நாசமானதையும், தான் தலையிட்டு எல்லாவற்றையும் சமாளித்ததையும் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கனிவாகத் தலையசைத்தார். பெயரைச் சொல்லாமல் காப்பாற்றிவிட்டாராம்.

"அந்த வரியை எழுதச் சொன்னது யாருங்க, சார்?" என்று கேட்டேன்.

சிரிப்பு அப்படியே நின்றது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் அவசரப்படவில்லை. மூச்சு ஒன்று இழுத்து விடுகிற நேரத்தை நான் கணக்கில் வைக்கவில்லை. ஃபேன் சத்தம் கேட்டது. பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடினார். எதிரே அவர் தன் கையிலிருந்த ஃபைல் அட்டையை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். வயதான மனிதர், வேலை தேடி வந்தவர் என்று ஒரு குரல் எனக்குள் வந்தது. எடை மேடையில் அப்பா நின்றதை நினைத்துக்கொண்டேன், குரல் அடங்கிவிட்டது. எனக்குத் தித்திப்பாக இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன். கடைசியில் மற்றவர் பொறுக்க முடியாமல் அடுத்த கேள்விக்குப் போனார்.

அவர் போன பிறகு நடந்ததை எல்லாம் இருவரிடமும் சொன்னேன். வேண்டாம் என்றேன். இளையவர் தயங்கி, பழசை வைத்துப் பழி வாங்குகிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கம்பெனி நலன், அது இது என்று காரணம் சொல்லியிருக்கலாம், அவையும் உண்மைதான். ஆனால் என் காரணம் அது இல்லை. அவரை எடுக்கவில்லை.

சாயங்காலம் சத்திரத்தில் லால்குடி பஸ்ஸுக்காக நிற்கும்போது போனில் ஒரு செய்தி வந்தது. எண்ணை யாரிடம் வாங்கினாரோ. உங்களைப் பார்த்ததில் ரொம்ப சந்தோஷம், பழசு எதையும் நீங்கள் மனசில் வைத்துக்கொள்ளவில்லை என்று நம்புகிறேன் என்று எழுதியிருந்தார். கீழே, "பிஸியா இருப்பீங்க, பதில் போட வேணாம்" என்று ஒரு வரி.

பஸ் வந்து நின்றது. ஏறவில்லை. பேசாமல் இருந்துவிட்டால் அந்தக் கரும்பச்சைச் சுவர் வீட்டில் அவர் நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுப்பார் என்று தெரியும். நீளமாக எழுத ஆரம்பித்தேன். நெல், அப்பா, லிஃப்ட் வாசல் எல்லாவற்றையும் எழுதி, எல்லாவற்றையும் அழித்தேன். பிறகு ஒரே வார்த்தை அடித்து அனுப்பினேன்.

"வெச்சிருக்கேன்."